காட்டெருமை காத்திருக்காது: கேமரா பெட்டிக்குள் நேரத்தைப் பங்கிடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்ட ஓரங்களில் கேமரா பெட்டி மாட்டிக் கொடுப்பது என் தொழில். பெட்டிக்குள் உள்ளங்கையளவு கணினி, கேமரா, இரவில் பார்க்க அகச்சிவப்பு விளக்கு, ஒலிபெருக்கி, சிம் போட்ட மோடம். காட்டெருமையோ கரடியோ தோட்டத்துக்குள் இறங்கினால் பெட்டி அதைக் கண்டுபிடிக்க வேண்டும். தொழிலாளர்களின் லைன் வீட்டுப் பக்கம் இருக்கும் விளக்கைச் சிமிட்டவைத்து, எந்தப் பக்கம் நிற்கிறது என்று பதிவு செய்த குரலில் சொல்ல வேண்டும். மூடுபனி நாளில் இலை பறிக்கப் போகிறவர்களுக்குப் பத்தடி தள்ளி நிற்கும் மாடுகூடத் தெரியாது என்பதால்தான் இந்த ஏற்பாடு.

பாலிடெக்னிக் மாணவர்கள், கோவையில் மென்பொருள் வேலை பார்க்கும் நண்பர்கள், ஒன்றிரண்டு எஸ்டேட் ரைட்டர்கள் (கணக்கு எழுதுபவர்கள்) என்று பலரும் கேட்ட கேள்விகளை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன். எல்லாமே ஒரே விஷயத்தைப் பற்றியவை: ஒரு சின்னக் கணினியின் வளங்களைப் பல வேலைகளுக்குப் பங்கிட்டு, ஒவ்வொன்றையும் அதன் கெடுவுக்குள் முடிக்கவைப்பது. இதைத்தான் நிகழ்நேரம் (ரியல் டைம்) என்கிறார்கள்.

நிகழ்நேரம் என்றால் வேகமாக ஓடுவதுதானே?

இல்லை. சொன்ன கெடுவுக்குள் முடிப்பதுதான் நிகழ்நேரம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரும் மலை ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். 46 கிலோமீட்டரை ஏறக் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். யாரும் அதை வேகம் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் தண்டவாளத்தில் மண் சரியாத நாளாக இருந்தால், குன்னூர் ஸ்டேஷனுக்கு எப்போது போய் நின்றால் போதும் என்று தெரியும். கார் அப்படி இல்லை. ஒன்றரை மணி நேரத்தில் வந்தாலும் வரும். பர்லியார் பக்கம் ஒரு லாரி மடக்கிக்கொண்டு நின்றால் நான்கு மணி நேரமும் ஆகும்.

கேமரா நொடிக்கு 25 ஃபிரேம், அதாவது 25 தனித்தனிப் படம், தருகிறது என்றால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் 40 மில்லி நொடி. "சராசரியாக 25 மில்லி நொடியில் முடித்துவிடுகிறேன் சார்" என்று மாணவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். நான் கேட்பது வேறு. ஆயிரத்தில் ஒரு ஃபிரேம் எவ்வளவு எடுத்தது? அந்த ஒன்று 300 மில்லி நொடி எடுத்திருந்தால், நொடிக்கு 25 ஃபிரேம் கணக்கில் ஆயிரம் ஃபிரேம் என்பது 40 நொடி. அதாவது நிமிடத்துக்கு ஒரு முறைக்கு மேலேயே உங்கள் பெட்டி திக்குகிறது.

கெடு தவறினால் அப்படி என்ன குடி முழுகிவிடும்?

எந்த வேலை என்பதைப் பொறுத்தது. படத்தில் ஒரு ஃபிரேம் விட்டுப்போனால் பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது. ஒலியில் ஒரு துண்டு விட்டுப்போனால் 'டிக்' என்று காதில் விழும்.

கெடு தவறினால் காசு போவதைப் பார்க்க வேண்டுமானால், தேயிலை ஃபேக்டரியில் கலர் சார்ட்டர் ஓடும்போது பக்கத்தில் போய் நில்லுங்கள். நானும் அந்த மெஷினைப் பார்த்துத்தான் இந்த விஷயத்தைப் புரிந்துகொண்டேன். தூள் ஒரு சரிவில் வழுக்கிக்கொண்டு வந்து கீழே கொட்டும். வழியிலேயே ஒரு வரிக் கேமரா (ஒரு நேரத்தில் ஒரே ஒரு கோட்டைப் படம் பிடிப்பது) அதைப் பார்க்கும். நாரோ குச்சியோ வந்தால், கொஞ்சம் கீழே வரிசையாக இருக்கும் காற்று வால்வுகளில் சரியான ஒன்று 'டக்' என்று திறந்து அந்தத் துணுக்கை மட்டும் ஊதித் தள்ளும். மழை பெய்கிற மாதிரி அந்த 'டக் டக்' ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கும்.

ஒரு சின்னக் கணக்கு. தூள் நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் விழுகிறது, கேமராவுக்கும் வால்வுக்கும் இடையே 10 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கையில் இருப்பது சுமார் 33 மில்லி நொடி. அதற்குள் பார்த்து, முடிவெடுத்து, வால்வைத் திறக்க வேண்டும். ஒரே ஒரு மில்லி நொடி பிந்தினால் துணுக்கு 3 மில்லிமீட்டர் தாண்டிப் போயிருக்கும். டஸ்ட் தூள் மணி ஒன்றின் அளவைவிட அது அதிகம். ஆக, நார் நல்ல தூளோடு போய்விடும், நல்ல தூள் கழிவில் விழும். முந்தித் திறந்தாலும் இதே கதைதான், முந்துவதும் தவறு. இதனால்தான் இந்த மாதிரி மெஷின்களில் வால்வைத் திறக்கும் நேரத்தைப் பொதுக் கணினியிடம் விடாமல், அதற்கென்றே உள்ள மின்சுற்றிடமோ மைக்ரோகண்ட்ரோலரிடமோ கொடுப்பது நல்லது.

வளம் என்று எதையெல்லாம் சொல்கிறீர்கள்?

பிராசஸர் நேரம் மட்டும் என்று நினைத்துத்தான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். நினைவகத்தின் இடம், நினைவகத்துக்குப் போய்வரும் பாதை, கார்டில் எழுதும் வேகம், வீடியோவைச் சுருக்கும் என்கோடர், மோடம், பேட்டரி, சூடு எல்லாமே வளம்தான். இவற்றில் எது முதலில் தீர்கிறதோ அதுதான் உங்கள் பெட்டியின் உண்மையான எல்லை. என் அனுபவத்தில் பிராசஸர் முதலில் தீர்ந்தது குறைவு.

ஒரு பிராசஸரில் எவ்வளவு வேலையை ஏற்றலாம்? கணக்கு உண்டா?

உண்டு. அரை நூற்றாண்டாகவே உண்டு. 1973-இல் லியூ, லேலேண்ட் என்ற இருவர் எழுதிய கட்டுரையில் வந்தது. ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு எண் வேண்டும்: எத்தனை மில்லி நொடிக்கு ஒரு முறை வருகிறது, வந்தால் அதிகபட்சம் எவ்வளவு நேரம் எடுக்கும். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் அந்த வேலையின் சுமை. அடிக்கடி வரும் வேலைக்கு அதிக முன்னுரிமை என்ற முறையில் ஓட்டினால், மொத்தச் சுமை ஒரு வரம்புக்குள் இருக்கும்வரை எந்தக் கெடுவும் தவறாது. இரண்டு வேலை என்றால் வரம்பு 82.8 சதவீதம், மூன்றுக்கு 78, நான்குக்கு 75.7. வேலைகள் கூடக்கூட வரம்பு இறங்கி 69.3 சதவீதத்தை நெருங்கும், அதற்குக் கீழே போகாது.

ஒரு பெட்டியை வைத்துப் பார்ப்போம். எல்லாமே ஒரே கோரில் (பிராசஸருக்குள் தனியாக வேலை செய்யும் ஒரு பகுதி) ஓடுகின்றன. ஒலி 20 மில்லி நொடிக்கு ஒரு முறை வந்து 2 மில்லி நொடி எடுக்கிறது, சுமை 10 சதவீதம். கேமராவிலிருந்து ஃபிரேமை வாங்கிச் சிறிதாக்குவது 40-க்கு 6, அதாவது 15. என்கோடருக்குத் தள்ளிவிட்டு வாங்குவது 40-க்கு 5, அது 12.5. மாடு இருக்கிறதா என்று பார்ப்பது 200-க்கு 70, அது 35. கூட்டினால் 72.5. நான்கு வேலைக்கான வரம்பு 75.7, எனவே தாங்கும்.

அப்புறம் ரைட்டர் வந்து, "படத்தை ஆபீசுக்கும் அனுப்புங்களேன்" என்பார். நொடிக்கு ஒரு முறை 100 மில்லி நொடி. சுமை 82.5 ஆகிவிட்டது. ஐந்து வேலைக்கான வரம்போ 74.3. இங்கேதான் பலர் பயந்துபோய்ப் பெரிய போர்டு வாங்கப் போகிறார்கள். அவசரப்பட வேண்டாம். வரம்புக்குள் இருந்தால் நிச்சயம் ஓடும் என்பதுதான் கணக்கு. தாண்டினால் நிச்சயம் ஓடாது என்று அது சொல்லவில்லை. மேலே உள்ள நேரங்களைப் பாருங்கள்: 20, 40, 200, 1000. ஒவ்வொன்றும் அடுத்ததை மீதியில்லாமல் வகுக்கிறது. இப்படி அமைந்தால் நூறு சதவீதம் வரை ஏற்றலாம். நான் மாடு பார்க்கும் வேலையை 150 மில்லி நொடிக்கு வைக்காமல் 200-க்கு வைத்ததற்கு இதுதான் காரணம். காட்டெருமை 50 மில்லி நொடியில் எங்கேயும் ஓடிவிடப் போவதில்லை.

யாருடைய கெடு மிக அருகில் இருக்கிறதோ அவரை முதலில் விடுவது இன்னொரு முறை. அதில் ஒரு கோரில் எந்த நேரங்களாக இருந்தாலும் நூறு வரை போகலாம். ஆனால் சுமை நூறைத் தாண்டிவிட்டால் எந்த வேலை தவறும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. முதல் முறையில் அந்தச் சிக்கல் குறைவு, கடைசி முன்னுரிமைக்காரர்தான் அடி வாங்குவார். எனக்கு அந்த நிச்சயம் பிடிக்கும்.

அந்த "அதிகபட்ச நேரம்" எப்படித் தெரியும்?

மொத்த விஷயத்திலும் இதுதான் கஷ்டமான இடம். என் முதல் பெட்டி இதில்தான் மண்ணைக் கவ்வியது.

பகலில், மேசையில் வைத்து, நல்ல வெளிச்சத்தில் அளந்தேன். அசைவு தெரிந்த இடங்களை மட்டும் வெட்டியெடுத்து, ஒவ்வொன்றையும் நரம்பு வலையிடம் (படங்களைக் காட்டிப் பழக்கிய நிரல்) கொடுத்து 'மாடா, இல்லையா' என்று கேட்கும் முறை. ஒரு துண்டுக்கு 15 மில்லி நொடி. சாதாரணமாக ஒன்றிரண்டு துண்டுதான் வரும். எல்லாம் நன்றாகவே ஓடியது. கொண்டுபோய்ச் சோலை ஓரத்தில் மாட்டிவிட்டு வந்தேன்.

ஐப்பசி மழை பிடித்தது. இந்தப் பக்கம் வடகிழக்குப் பருவத்தில்தான் கனமாகப் பெய்யும். இரவில் அகச்சிவப்பு வெளிச்சம் பட்டு ஒவ்வொரு மழைத்துளியும் வெள்ளிக்கோடாக மின்னியது. பெட்டிக்கு அது எல்லாமே அசைவு. போதாததற்கு, விளக்கின் கதகதப்புக்கு வந்த சிலந்தி ஒன்று லென்சுக்கு முன்னால் வலை கட்டியிருந்தது, அது காற்றில் ஆடிக்கொண்டே இருந்தது. ஒரு ஃபிரேமில் எண்பது, நூறு துண்டுகள். 70 மில்லி நொடியில் முடிய வேண்டிய வேலை ஒரு நொடியைத் தாண்டியது. அடுத்தடுத்த ஃபிரேம்கள் பின்னால் வரிசை கட்டி நின்றன. மறுநாள் மேஸ்திரி சொன்னார்: "சார், உங்க பெட்டி மாடு போன பிறகு மாடு வருதுன்னு சொல்லுது."

நல்லவேளை, அன்று யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. திருத்தம் ஒரே வரிதான். எத்தனை துண்டு வந்தாலும் ஒரு சுற்றில் நான்குக்கு மேல் பார்க்காதே. நான்கு பதினைந்து அறுபது, மேல்வேலைக்குப் பத்து, மொத்தம் எழுபது. எந்த நான்கு? மாட்டின் பருமனுக்குப் பக்கத்தில் வருகிறவை, அதிலும் நடைபாதை ஓரமாக இருப்பவை. மீதி அடுத்த சுற்றுக்கு. இப்போது மழை பெய்தாலும் இடி இடித்தாலும் எழுபதுதான். அதிகபட்ச நேரத்தை அளந்து கண்டுபிடிப்பதைவிட, நிரலை எழுதும்போதே அதற்கு ஒரு மூடி போட்டுவிடுவது சுலபம்.

முக்கியமான வேலைக்கு அதிக முன்னுரிமை கொடுத்துவிட்டால் போதாதா?

அந்த முக்கியமான வேலை ஒழுங்காக நடந்துகொள்ளும்வரை போதும். அதுவே ஒரு நாள் பிடித்த பிடியை விடாமல் ஓட ஆரம்பித்தால், மற்ற எல்லாமே பட்டினி. அதனால் முன்னுரிமையோடு ஒதுக்கீடும் வேண்டும்: "உனக்கு ஒவ்வொரு 200-க்கும் 70. தீர்ந்தால் அடுத்த சுற்று வரை உட்கார்."

ஊட்டி இ-பாஸ் இதற்கு நல்ல உதாரணம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வாகனங்களுக்கு இ-பாஸ் வந்தது. 2025 கோடை சீசனுக்கு எண்ணிக்கையே வைத்துவிட்டார்கள். நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. உள்ளூர் வண்டிக்கும் அரசுப் பேருந்துக்கும் அவசர ஊர்திக்கும் இந்தக் கணக்கு இல்லை. வந்த பிறகு ஊட்டி சேரிங் கிராஸ் சந்திப்பில் மூன்று மணி நேரம் நிற்கவைப்பதற்குப் பதிலாக, இடம் இல்லை என்று கிளம்புவதற்கு முன்பே சொல்லிவிடுவது. பெட்டிக்குள்ளும் அதேதான். புது வேலை ஒன்று உள்ளே வர வேண்டுமானால் முதலில் தன் இரண்டு எண்களைச் சொல்ல வேண்டும். கூட்டிப் பார்த்து இடம் இருந்தால் அனுமதி, இல்லையென்றால் வாசலிலேயே மறுப்பு. (உள்ளூர்க்காரர்கள் இ-பாஸ் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பது தனிக் கதை. லாட்ஜ் வைத்திருக்கும் என் மாமாவிடம் இந்த உதாரணத்தைச் சொல்லிவிடாதீர்கள்.)

இதெல்லாம் சாதாரண லினக்ஸ் இயங்குதளத்தில் கிடைக்குமா?

கிடைக்கும். 2014-இல் வந்த 3.14 கெர்னலிலிருந்தே (கெர்னல் என்பது இயங்குதளத்தின் மையப் பகுதி) 'ஷெட் டெட்லைன்' என்ற ஏற்பாடு இருக்கிறது. ஓட்ட நேரம், கெடு, சுற்று நேரம் மூன்றையும் கொடுத்தால், இடம் இருக்கிறதா என்று கெர்னலே பார்க்கும். இல்லையென்றால் பிழை எண்ணைத் திருப்பித் தந்துவிடும். ஒதுக்கீட்டைத் தாண்டினால் நிறுத்திவைக்கும். இயல்பான அமைப்பில் மொத்தம் 95 சதவீதம் வரைதான் கொடுக்கும். மீதி, நீங்கள் உள்ளே நுழைந்து தவறைச் சரிசெய்ய.

கெர்னலே இடையில் விட்டுக்கொடுக்காமல் இழுத்தடிப்பதைக் குறைக்க, 'பிரீஎம்ப்ட் ஆர்டி' என்ற திருத்தம் பல வருடங்களாகத் தனியாக இருந்தது. 2024-இல் 6.12 கெர்னலில் அது மூலத்திலேயே சேர்ந்துவிட்டது. இனி தனியாக ஒட்டுப்போடும் வேலை பெரும்பாலும் மிச்சம்.

ஒரு எச்சரிக்கை. பல கோர்களில் வேலைகளை அலையவிட்டால், அனுமதி கிடைத்திருந்தாலும் கெடு தவறவே தவறாது என்ற உறுதி கிடையாது. தாமதம் ஒரு எல்லைக்குள் இருக்கும், அவ்வளவுதான். உறுதி வேண்டுமானால் கோரைத் தனியாகப் பிரித்து, இன்ன வேலை இன்ன கோர் என்று கட்டிவையுங்கள்.

முன்னுரிமை தலைகீழாகப் போவது என்கிறார்களே, அது என்ன?

மலைப்பாதையில் வைத்தே சொல்கிறேன். ஒற்றை வண்டி மட்டும் போகும் குறுகலான பாலம். அதில் தேயிலை மூட்டை ஏற்றிய ஜீப் ஒன்று நிற்கிறது. பின்னால் ஆம்புலன்ஸ். ஜீப் இறங்கினால்தான் ஆம்புலன்சுக்கு வழி. ஆனால் பாலத்தைத் தாண்டிய சாலையில் சுற்றுலாக் கார்கள் வரிசையாகப் போய்க்கொண்டே இருக்கின்றன. ஜீப்காரரை யார் மதிக்கிறார்கள்? அவர் நுழைய முடியாமல் பாலத்திலேயே நிற்கிறார். ஆக, ஆம்புலன்சைத் தடுத்து வைத்திருப்பது கடைசியில் சுற்றுலாக் கார்கள்தான், அவற்றுக்குப் பாலத்தோடு ஒரு சம்பந்தமும் இல்லாவிட்டாலும்.

பெட்டிக்குள் பாலம் என்பது பூட்டு, பல வேலைகள் பங்கிட்டுக்கொள்ளும் ஒரு தரவுக்கான பூட்டு. 1997 ஜூலை 4 அன்று செவ்வாயில் இறங்கிய நாசாவின் பாத்ஃபைண்டர் விண்கலத்துக்கு இதுதான் நடந்தது. வானிலைத் தகவல் சேகரிக்கும் கீழ்மட்ட வேலை ஒரு பூட்டைப் பிடித்திருந்தது. தரவுப் பாதையைக் கவனிக்கும் மேல்மட்ட வேலை அதற்காகக் காத்திருந்தது. நடுமட்ட வேலைகள் இடையில் புகுந்து ஓடின. மேல்மட்ட வேலை நேரத்துக்கு முடியாததைப் பார்த்து, கருவி தன்னைத் தானே மறுபடி மறுபடி தொடங்கிக்கொண்டது. பூமியில் அதே நிலையை உண்டாக்கிப் பார்த்துக் காரணத்தைப் பிடித்தார்கள். ஜீப் பாலத்தை விட்டு இறங்கும்வரை ஆம்புலன்சின் சைரனை அதற்குக் கடன் கொடுக்கும் வசதி அந்த இயங்குதளத்திலேயே இருந்தது, அணைத்து வைத்திருந்தார்கள். செவ்வாய்க்குச் செய்தி அனுப்பி அதை இயக்கிவிட்டார்கள், சரியாகிவிட்டது.

லினக்ஸிலும் பூட்டை உருவாக்கும்போதே 'முன்னுரிமைக் கடன்' வேண்டும் என்று நீங்கள்தான் கேட்க வேண்டும். சும்மா இருந்தால் கிடைக்காது. அதைவிட நல்லது, ஒலி வேலை எந்தப் பூட்டையும் தொடாதபடி எழுதிவிடுவது.

நினைவகம் நிறைய இருக்கிறது. அதில் என்ன கவலை?

இடம் இருக்கும், பாதைதான் நெரியும். 1920-க்கு 1080 அளவுள்ள ஒரு ஃபிரேம் சுருக்காத நிலையில், வழக்கமான வண்ண முறையில், சுமார் 3.1 மெகாபைட். நொடிக்கு 25 என்றால் 78 மெகாபைட். ஒரு முறை நகலெடுத்தால் படிக்க 78, எழுத 78, ஆக 156. கேமராவிலிருந்து ஒரு நகல், சிறிதாக்க ஒரு நகல், என்கோடருக்கு ஒரு நகல், 'பத்திரமாக இருக்கட்டும்' என்று இன்னொரு நகல் என்று கைக்கு வந்தபடி எழுதினால் நொடிக்கு 600 மெகாபைட்டுக்கு மேல் வெறும் இடமாற்றத்திலேயே போகும். அதே பாதையில்தான் நரம்பு வலையும் தன் எடைகளை (பழக்கும்போது அது கற்றுக்கொண்ட எண்களை) இழுத்துக்கொண்டிருக்கிறது. ஃபிரேமை இருக்கும் இடத்திலேயே வைத்து, அது எங்கே இருக்கிறது என்ற சீட்டை மட்டும் கைமாற்றுங்கள்.

தொடங்கும்போதே வேண்டிய பஃபர்களை (தரவைத் தற்காலிகமாக வைக்கும் நினைவக இடங்களை) எல்லாம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டத்தின் நடுவில் நினைவகம் கேட்கக் கூடாது. வாங்கியது நினைவகத்தை விட்டு வெளியே தள்ளப்படாதபடி பூட்டியும் வையுங்கள். கல்யாணத்துக்கு இலை எண்ணி வாங்கி வைப்பது மாதிரி. பந்தியில் உட்காரவைத்துவிட்டு வாழை இலைக்குக் கடைக்கு ஆள் அனுப்பக் கூடாது.

பதிவு செய்யும்போது மட்டும் படம் உறைகிறது. ஏன்?

எஸ்டி கார்டு. கார்டின் மேல் எழுதியிருக்கும் வேகம் நீளமாக, தொடர்ச்சியாக எழுதும்போது கிடைப்பது. நடுநடுவே கார்டு தன் உள் வேலைக்காக, பழைய பகுதிகளை அழித்து ஒழுங்குபடுத்த, நின்றுவிடும். சில நூறு மில்லி நொடி சாதாரணம், மட்டமான கார்டில் நொடிக்கணக்கு. அது எப்போது என்று உங்களால் சொல்ல முடியாது.

படம் பிடிக்கும் வேலை கார்டைத் தொடவே கூடாது. நடுவில் ஒரு வளையப் பஃபர் (நிரம்பினால் பழையதன் மேலேயே எழுதிச் சுற்றிவருவது) வைத்து, எழுதுவதைத் தனி வேலையாக, கீழ் முன்னுரிமையில் விடுங்கள். சுருக்கிய வீடியோ நொடிக்கு 4 மெகாபிட் என்றால் அரை மெகாபைட். 16 மெகாபைட் பஃபர் 32 நொடி தாங்கும். மாடு வருவதற்கு முந்தைய பத்து நொடியும் இதிலேயே கிடைத்துவிடும், அது உபரி லாபம்.

நான்கு கோர் இருக்கிறது. ஒன்றுக்கு ஒன்று தொந்தரவு இல்லையே?

இருக்கிறது. கோர் நான்கு என்றாலும் கேஷும் (பிராசஸருக்குப் பக்கத்திலேயே உள்ள சிறு வேக நினைவகம்) நினைவகப் பாதையும் பொது. லைன் வீட்டில் ஆளுக்கு ஒரு அறை, குழாய் மட்டும் ஒன்று என்ற கதை. தனியாக ஓடும்போது 6 மில்லி நொடி எடுத்த வேலை, மற்ற மூன்று கோரும் நினைவகத்தைக் கிண்டும்போது 9 எடுக்கலாம். எனவே அளக்கும்போது மற்றக் கோர்களில் வேண்டுமென்றே பெரிய நகல் வேலைகளை ஓடவிட்டு அளங்கள்.

நரம்பு வலைக்கான தனிச் சில்லு இருந்தால் இன்னொரு விஷயம். எடுத்த வேலையை முடிக்காமல் பலவற்றை இடையில் நிறுத்த முடியாது. பெரிய மாடல் (பழக்கிய நரம்பு வலை) ஒன்று உள்ளே போய்விட்டால் அது வெளியே வரும்வரை அவசர வேலையும் காத்திருக்க வேண்டியதுதான். சிறு மாடலாகப் போடுங்கள், வரிசையில் ஒன்றுக்கு மேல் நிற்கவிடாதீர்கள்.

எல்லாம் ஒரே நேரத்தில் நெருக்கினால் எதை விடுவது?

அதை முன்கூட்டியே எழுதி வையுங்கள். அந்த நேரத்தில் பெட்டி முடிவெடுக்கக் கூடாது. என் வரிசை இது. முதலில் ஆபீசுக்கு அனுப்பும் படம் நிற்கும். அடுத்து பதிவின் தரம் குறையும், பிறகு பதிவின் ஃபிரேம் பாதியாகும். மாடு பார்ப்பது 200-லிருந்து 400 மில்லி நொடிக்குப் போகும், அதற்கு மேல் போகாது. விளக்கும் குரலும் கடைசி வரை ஓடும்.

ஃபிரேமை விடும்போது எதை விடுகிறோம் என்பதும் முக்கியம். வீடியோவைச் சுருக்கும் எச்.264 போன்ற முறைகளில் முழுப்படமாக வரும் ஐ-ஃபிரேமை (I) விட்டால், அடுத்த ஐ வரும்வரை எல்லாம் கலங்கிப்போகும். மற்ற ஃபிரேம்களுக்கு ஆதாரமாக இல்லாத பி-ஃபிரேமை (B) விட்டால் நஷ்டம் அந்த ஒன்றோடு சரி. இன்னொன்று, மூடுபனி நாளில் படத்தில் விவரமே இருக்காது, வீடியோ சுருங்கிக் குட்டியாகிவிடும். மழையும் காற்றும் சேர்ந்து தேயிலைச் செடி மொத்தமும் ஆடும் நாளில்தான் அளவு எகிறும். பனி நாளில் சோதித்துவிட்டுத் திருப்திப்பட வேண்டாம்.

குரலும் படமும் பொருந்தாமல் போனால்?

ஒலிபரப்புத் துறையில் பார்வையாளருக்குத் தெரிய ஆரம்பிக்கும் எல்லை என்று சொல்வது, ஒலி முந்தினால் சுமார் 45 மில்லி நொடி, பிந்தினால் சுமார் 125. இடி மின்னலுக்குப் பிறகு வருவதற்குப் பழகிய காது நமக்கு, பிந்துவதை மன்னிக்கும். எங்கள் பெட்டிக்கு இது பெரிய விஷயம் இல்லை. வீடியோ இன்டர்காம் செய்கிறவர்களுக்கு உண்டு.

மலையில் குளிர்தானே, சூட்டுப் பிரச்சினை இருக்காதே?

நானும் அப்படித்தான் நினைத்தேன். மழைக்காக இறுக்கி மூடிய பெட்டியை மார்ச் மாத வெயிலில் வைத்துப் பாருங்கள். இந்த உயரத்தில் வெயில் உறைக்கும். ராஸ்பெரி பை 4 போன்ற சிறு கணினி போர்டுகள் 80 டிகிரியைத் தாண்டினால் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 70 மில்லி நொடி என்று போட்ட கணக்கு அப்போது பொய்யாகிவிடும். அதனால் பிராசஸரை உச்ச வேகத்தில் ஓட்டாமல், எப்போதும் தாங்கக்கூடிய ஒரு வேகத்தில் பூட்டிவிடுகிறேன். அந்த வேகத்தில்தான் எல்லாவற்றையும் அளக்கிறேன். தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி போனுக்கு நல்லது.

குளிரில் வேறு தொல்லை. டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தா பக்கம் உறைபனி விழும். லித்தியம் பேட்டரியைச் சுழியத்துக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. விடியற்காலையில் பேட்டரிக்கு வருமானம் இல்லை, செலவு மட்டும் என்ற கணக்கில் திட்டமிடுங்கள். பெட்டிக்குள் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலமும் போடுங்கள், லென்சில் உள்பக்கம் பனி பிடித்தால் வேலைகளுக்கு நேரம் பங்கிடும் எந்த ஷெட்யூலராலும் ஒன்றும் செய்ய முடியாது.

கிளவுடுக்கு அனுப்பிவிட்டால் இவ்வளவு தலைவலி இல்லையே?

எங்கள் பள்ளத்தாக்கில் சிக்னல் ஒரு வளைவில் இருக்கும், அடுத்த வளைவில் இருக்காது. கெடு உள்ள வேலையைப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். கெடு இல்லாததை அனுப்புங்கள்.

வாட்ச்டாக் வைத்தால் போதுமா?

வாட்ச்டாக் என்பது, குறித்த நேரத்துக்குள் யாரும் தட்டாவிட்டால் பெட்டியை மறுபடி தொடங்கவைக்கும் கடிகாரம். அதை வைக்க வேண்டும், ஆனால் பலர் வைக்கும் முறை தவறு. தனியாக ஒரு வேலை நொடிக்கு ஒரு முறை வாட்ச்டாகைத் தட்டிக்கொண்டே இருக்கும். கேமரா வேலை செத்துப்போனாலும் தட்டும் வேலை உயிரோடு இருக்கும். எல்லா வேலைகளும் "நான் என் கெடுவை முடித்தேன்" என்று கையெழுத்துப் போட்ட பிறகுதான் தட்ட வேண்டும். தட்டும் வேலை கடைசி முன்னுரிமையில் இருக்கட்டும். அப்போதுதான் மேலே யாராவது பிடியை விடாமல் ஓடினால் தட்டல் நின்று, பெட்டி மறுபடி தொடங்கும்.

இந்த மலையில் இதைப் பெரிய அளவில் செய்கிற இடம் ஏதாவது உண்டா?

ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரை. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலத்தில் மலைச்சரிவில் படுத்திருக்கும் ரேடியோ தொலைநோக்கி, கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டி 1970-இல் முடித்தது. அந்த இடத்தின் அட்சரேகையும் சரிவின் கோணமும் ஏறக்குறைய 11 டிகிரியாகப் பொருந்துவதால், ஒரே அச்சில் சுழன்றே வானப் பொருளைப் பின்தொடர்ந்துவிடுகிறது. பல்சார் (சீராகத் துடிக்கும் ரேடியோ அலைகளை அனுப்பும் விண்மீன்) துடிப்பைப் பதிவாக்க அங்கே நிகழ்நேர மென்பொருள் ஏற்பாடும் உண்டு. வானம் மறுபடி ஒளிபரப்பாது. வரும் தரவை வரும் வேகத்திலேயே கையாளாவிட்டால் அது போனது போனதுதான்.

ஒரு வாரம் ஓட்டிவிட்டேன், ஒரு கெடுவும் தவறவில்லை. மாட்டிவிடலாமா?

எந்த வாரம் என்று பாருங்கள். நான் மாட்டுவதற்கு முன் செய்வது இது. 'சைக்ளிக்டெஸ்ட்' என்ற கருவியை இரவு முழுக்க ஓடவிட்டு, ஒரு வேலையை எழுப்புவதில் கெர்னல் காட்டும் தாமதத்தின் உச்சத்தைக் குறித்துக்கொள்வேன். கூடவே முக்கால்வாசி நிரம்பிய, பழைய கார்டில் பதிவு ஓடும். மோடத்தின் ஆன்டெனாவைக் கழற்றிக் கழற்றி மாட்டுவேன். பெட்டியைச் சாக்கில் சுற்றி வெயிலில் வைப்பேன். கடைசியாக இரவில் லென்சுக்கு முன்னால் பூவாளியால் தண்ணீர் தெளிப்பேன், அகச்சிவப்பு விளக்கு எரியும்போது. ஒவ்வொரு வேலையும் தன் உச்ச நேரத்தைத் தானே கோப்பில் எழுதிவைக்கும். மாட்டிய பிறகும் அந்தக் கோப்பை மாதம் ஒரு முறை போய் எடுத்துப் பார்க்கிறேன். போன ஐப்பசியில் மாடு பார்க்கும் வேலையின் உச்சம் 68 மில்லி நொடி. சிலந்தியை மட்டும் இன்னும் தடுக்க முடியவில்லை. வாரம் ஒரு முறை லென்சைத் துணியால் துடைத்துவிடுவதாக மேஸ்திரி ஒத்துக்கொண்டிருக்கிறார்.